ஈஸ்டர் ஏன் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு தேதியில் வருகிறது?

கிறிஸ்துமஸ் எப்போது என்று கேட்டால் சின்னக் குழந்தை கூட டிசம்பர் 25 என்று சொல்லிவிடும். ஈஸ்டர் எப்போது என்று கேட்டால் பெரியவர்களும் காலண்டரைத்தான் தேடுவார்கள். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5. மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-க்குப் பிறகும் வராது. இந்த 35 நாட்களுக்குள் எங்கே வேண்டுமானாலும் வந்து உட்காரும்!

2024-ல் ஈஸ்டர் வந்து உட்கார்ந்த இடம் கொஞ்சம் விசேஷமானது. மார்ச் 31, நிதியாண்டின் கடைசி நாள். அரசாங்க வரவு செலவுகள் எல்லாம் அந்த நிதியாண்டுக்குள்ளேயே பதிவாகிவிட வேண்டும் என்பதற்காக, அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் அந்த ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஓசூர் மாதிரி ஒரு தொழில் நகரத்தில் மார்ச் 31 எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டாக் எடுப்பது, பில்களை முடிப்பது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது என்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பணி இருந்த கிறிஸ்தவர்களுக்கு அந்த வருடம் ஈஸ்டரும் இயர் எண்டிங்கும் ஒரே நாள். 2002-லும் 2013-லும் கூட ஈஸ்டர் இதே மார்ச் 31-ல்தான் வந்தது.

பேசாமல் இதற்கும் ஒரு தேதியை நிரந்தரமாக வைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்குப் பின்னால் 1,800 வருடத்துக்கு மேல் பழைய ஒரு சண்டை இருக்கிறது. அதைவிட வேடிக்கை, இன்று ஆபீஸ் சுவரில் தொங்கும் காலண்டரே அந்தச் சண்டையில் இருந்து பிறந்ததுதான்!

பெயர் எங்கிருந்து வந்தது?

சிலுவையில் அறையப்பட்டு இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த நாள்தான் ஈஸ்டர். கிறிஸ்துமஸைவிடப் பழமையான பண்டிகை இது. கிறிஸ்துமஸ் கொண்டாடியதற்கான சான்றுகள் நான்காம் நூற்றாண்டில் இருந்துதான் கிடைக்கின்றன. ஈஸ்டர் தேதி பற்றிய விவாதம் இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

'ஈஸ்டர்' என்ற ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த பீட் என்ற துறவி 725-ம் ஆண்டில் ஒரு விளக்கம் எழுதி வைத்தார். 'ஈயோஸ்ட்ரே' என்ற பெண் தெய்வத்தின் பெயரில் ஒரு மாதம் இருந்ததாம், அந்த மாதத்தில் வந்ததால் பண்டிகைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். இந்தத் தெய்வத்தைப் பற்றி பீட் எழுதியதைத் தவிர வேறு பழைய எழுத்துச் சான்று இல்லை.

உலகின் பல மொழிகளில் இந்தப் பண்டிகைக்குப் பெயர் ஈஸ்டர் இல்லை. கிரேக்கத்தில் பாஸ்கா, ஸ்பானிஷில் பாஸ்குவா, பிரெஞ்சில் பாக். தமிழ்க் கத்தோலிக்கர்களும் 'பாஸ்கா' என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வேர் 'பெசாக்' என்ற எபிரேயச் சொல். எகிப்தில் அடிமைகளாக இருந்த யூதர்கள் விடுதலை பெற்று வெளியேறியதை நினைவுகூரும் பண்டிகை அது. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீட்டில் 'பெசஹா அப்பம்' செய்வார்கள். புளிக்க வைக்காத மாவில் செய்யும் அப்பம். யூதர்களும் பெசாக் பண்டிகையில் புளிக்காத அப்பம்தான் சாப்பிடுகிறார்கள். பெயரும் அப்பமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

தமிழில் 'உயிர்த்தெழுந்த திருநாள்', 'உயிர்ப்புப் பெருவிழா' என்றும், இலங்கைத் தமிழர்களிடையே 'உயிர்த்த ஞாயிறு' என்றும் அழகான பெயர்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21-ம் தேதி அந்த உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போதுதான் கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய மூன்று தேவாலயங்களிலும் சில ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது பண்டிகையோடு சேர்ந்து அந்த நாளும் நினைவுக்கு வருகிறது.

தேதிக்காக ஒரு சண்டை

யூதர்களின் மாதம் அமாவாசைக்குப் பிறகு தெரியும் பிறையில் தொடங்கும். பெசாக் வருவது நிசான் மாதத்தின் 14-ம் நாள் மாலை. அதாவது பௌர்ணமியை ஒட்டி. இயேசு இறந்தது இந்தப் பண்டிகை நேரத்தில். உயிர்த்தெழுந்தது ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால் நினைவு நாளை எப்படி வைப்பது? பௌர்ணமியைப் பார்த்தா, ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தா?

இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த கிறிஸ்தவர்கள், எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி, 14-ம் நாள்தான் என்றார்கள். ரோமில் இருந்தவர்கள் ஞாயிறுதான் என்றார்கள். சுமார் 155-ல் ஸ்மிர்னா நகரத்து ஆயர் பாலிகார்ப் ரோமுக்குப் போய் அனிசேட்டஸ் என்ற ரோம் ஆயரிடம் இதைப் பற்றிப் பேசினார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சண்டையும் போட்டுக்கொள்ளாமல் சமாதானமாகப் பிரிந்தார்கள். சுமார் 190-ல் ரோம் ஆயராக இருந்த விக்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. மாற்றிக் கொண்டாடுபவர்களைச் சபையை விட்டே விலக்கப் பார்த்தார். லியோன் நகரத்து ஆயர் இரேனியு போன்றவர்கள் தலையிட்டு, ஒரு தேதிக்காக இப்படிச் செய்யலாமா என்று எடுத்துச் சொன்னார்கள்.

325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம், எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. கணக்குப் போடும் முறை அதன் பிறகு மெல்ல மெல்ல உருவானது. இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் சூத்திரம் இதுதான்: மார்ச் 21-ம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு.

சூரியன், நிலவு, வாரம் என்ற மூன்று கணக்குகள் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை ஒட்டிய மார்ச் 21 சூரியக் கணக்கு. பௌர்ணமி யூதர்களிடம் இருந்து வந்தது. ஞாயிறு கிறிஸ்தவர்களுடையது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டியதால்தான் தேதி ஓடிக்கொண்டே இருக்கிறது.

காலண்டரே ஈஸ்டருக்காக

525-ல் ரோமில் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி வரப்போகும் வருடங்களின் ஈஸ்டர் தேதிகளை ஒரு அட்டவணையாகத் தயாரித்தார். அதுவரை பயன்படுத்தி வந்த அட்டவணையில் வருடங்கள் டயோக்ளீஷியன் என்ற பேரரசரின் பெயரில் எண்ணப்பட்டன. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்த மன்னரின் பெயர் ஈஸ்டர் அட்டவணையில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக இயேசு பிறந்ததில் இருந்து வருடங்களை எண்ணினார். கி.பி. என்ற கணக்கு பிறந்தது இப்படித்தான்! இன்று உலகம் முழுக்க இன்வாய்ஸிலும் பாஸ்புக்கிலும் சம்பளச் சீட்டிலும் அச்சாகும் ஆண்டு எண், ஒரு ஈஸ்டர் அட்டவணைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது திருப்பம் 1582-ல். ஜூலியன் காலண்டரில் ஒரு வருடத்துக்குச் சுமார் 11 நிமிடம் அதிகமாகக் கணக்கிட்டிருந்தார்கள். 11 நிமிடம்தானே என்று விட்டதில், நூற்றாண்டுகள் போகப் போக 10 நாள் பிசகிவிட்டது. மார்ச் 21-ல் இருக்க வேண்டிய சமபகலிரவு நாள் மார்ச் 11-க்குப் போய்விட்டது. இப்படியே விட்டால் ஈஸ்டர் கோடைக்காலத்துக்கு நகர்ந்துவிடும். போப் 13-ம் கிரகோரி கணித வல்லுநர்களை வைத்துக் காலண்டரைத் திருத்தினார். அக்டோபர் 4-ம் தேதி இரவு தூங்கப் போனவர்கள் அக்டோபர் 15-ம் தேதி எழுந்தார்கள்! இன்று பயன்படுத்தும் கிரகோரியன் காலண்டர் அதுதான்.

போப் சொன்னதை பிரிட்டன் உடனே ஏற்கவில்லை. 1752-ல்தான் மாறியது, அப்போது 11 நாட்களைக் கழிக்க வேண்டி வந்தது. அன்றைய பிரிட்டனில் கணக்கு முடிக்கும் நாட்களில் ஒன்று மார்ச் 25. 11 நாளை இழந்ததில் வரிக் கணக்கு குழம்பிவிடக் கூடாது என்று நாட்களைக் கூட்டிக்கொண்டதால், இன்றும் அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 5-ல் முடிந்து ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு வினோதமாகத் தெரியும் அந்தத் தேதிக்கும் பின்னால் தூரத்தில் நிற்பது ஈஸ்டர்தான்.

கிழக்கு ஐரோப்பாவின் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்கு இன்னமும் பழைய ஜூலியன் கணக்கையே பின்பற்றுகின்றன. அதனால் பல வருடங்களில் உலகத்தில் இரண்டு ஈஸ்டர்கள். நிசேயா சங்கம் நடந்து 1,700 ஆண்டுகள் நிறைவடைந்த 2025-ல் இரண்டும் ஏப்ரல் 20-ல் ஒன்றாக வந்தன.

ஓசூர் வானத்தில் அதே நிலவு

நிலவைப் பார்த்துப் பண்டிகை வைப்பது ஐரோப்பாவில் விநோதமாகத் தெரியலாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் அது சாதாரண விஷயம். ஓசூர் மலை மேல் இருக்கும் சாமிக்கே பெயர் சந்திரசூடேஸ்வரர், நிலவைத் தலையில் சூடியவர். அந்தக் கோயிலின் தேர்த்திருவிழாவும் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால் யுகாதி இங்கே வீட்டுப் பண்டிகை. அது அமாவாசைக்கு மறுநாள் பிறக்கும் வருடம். முஸ்லிம்களுக்குப் பிறை தெரிந்தால்தான் ரம்ஜான். தமிழ்ப் புத்தாண்டு மட்டும் சூரியக் கணக்கு.

2024-ஐயே எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 25 பௌர்ணமி, அன்று பங்குனி உத்திரம், வடக்கே ஹோலி. ஈஸ்டர் தேதியை முடிவு செய்ததும் அதே பௌர்ணமிதான். 29-ம் தேதி புனித வெள்ளி, 31-ம் தேதி ஈஸ்டர். ஏப்ரல் 9 யுகாதி, 11 ரம்ஜான், 14 தமிழ்ப் புத்தாண்டு. மூன்று வாரத்துக்குள் இத்தனை பண்டிகைகள், இத்தனை காலண்டர்கள்! 2022-ல் பார்த்தால் மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கியது ஏப்ரல் 16, சித்ரா பௌர்ணமி. அதற்கு முந்தின நாள் புனித வெள்ளி, மறுநாள் ஈஸ்டர். ஒரே நிலவு இரண்டு திருவிழாவுக்கும் நாள் குறித்தது.

எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

இந்தப் பகுதியில் மத்திகிரி, எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற ஊர்களில் கத்தோலிக்கர்கள் வாழ்ந்து வருகிறார்கள். 1930-ல் உருவான சேலம் மறைமாவட்டத்தில் இருந்து பிரிந்து 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் உருவானது. கிருஷ்ணகிரி மாவட்டமும் அதில்தான் இருக்கிறது. 1970-களுக்குப் பிறகு சிப்காட் வந்து தொழிற்சாலைகள் பெருகியதும் தென்மாவட்டங்களில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தங்கள் சபைகளையும் பழக்கங்களையும் கூடவே கொண்டு வந்தார்கள்.

ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால், நெற்றியில் சாம்பல் பூசும் புதன்கிழமையோடு ஆரம்பம். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். கத்தோலிக்கர்களுக்கு அது தவக்காலம், சி.எஸ்.ஐ. சபையினருக்கு லெந்து நாட்கள். பலர் கறி, மீன் சாப்பிட மாட்டார்கள். வீட்டில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்துக்குப் பூ அலங்காரம் கிடையாது. ரோஜா விளையும் ஓசூரில் பூ இல்லாத பீடம் தனியாகக் கண்ணில் படும். 2024-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 14-ல் வந்தது. வெளியே காதலர் தினத்து ரோஜா வியாபாரம் சூடாக நடக்க, உள்ளே பூவே இல்லை!

குருத்தோலை ஞாயிறில் ஓலையைச் சிலுவையாகப் பின்னிக் கையில் பிடித்துப் பவனி. பெரிய வியாழனில் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அன்று இரவில் இருந்து கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் ஓசை எழுப்புவார்கள். புனித வெள்ளியில் சிலுவைப்பாதை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் மதியம் மூன்று மணி வரை நீளும் ஆராதனையில் சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். சில ஊர்களில் பாடுகளை நாடகமாகவே நடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் 1965-ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இந்த நாடகங்களுக்குப் பெயர் பெற்றது.

சனிக்கிழமை இரவுதான் உச்சம். கோயிலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். வெளியே புதிதாக நெருப்பு மூட்டி, அதில் இருந்து பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருட்டுக்குள் கொண்டு வருவார்கள். அந்த ஒரு திரியில் இருந்து ஒவ்வொருவர் கையில் இருக்கும் திரிக்கும் வெளிச்சம் பரவும். திரியின் மேல் ஒரு சிலுவை, கிரேக்க எழுத்துகளின் முதலும் கடைசியும், கூடவே அந்த வருடத்தின் நான்கு எண்கள். பல நூற்றாண்டுகளாக இந்தச் சடங்கு சனிக்கிழமை காலையிலேயே நடந்து வந்தது. இருட்டில் ஏற்ற வேண்டிய திரியை வெயிலில் ஏற்றினார்கள்! 1951-ல் போப் 12-ம் பயஸ்தான் அதை மறுபடி இரவுக்கு மாற்ற வழி செய்தார்.

மற்ற சபைகளில் ஞாயிறு அதிகாலை ஆராதனை. சூரிய உதயத்தை ஒட்டி இப்படிக் கூடும் வழக்கத்தை ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் என்ற ஊரில் மொரேவியன் சபையினர் 1732-ல் தொடங்கினார்கள். கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடினார்கள். அதே சபையினர் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.

அப்புறம் முட்டை! தவக்காலத்தில் முட்டையும் கூடாது என்று இடைக்கால ஐரோப்பாவில் தடை இருந்தது. கோழிக்கு அது தெரியுமா? 40 நாளில் சேர்ந்துபோன முட்டைகளை ஈஸ்டர் அன்று சாயம் பூசிப் பகிர்ந்துகொண்டார்கள். 1290-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவழித்ததாக அரண்மனைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. 1873-ல் ஃபிரை கம்பெனி சாக்லேட் முட்டை செய்தது, 1875-ல் கேட்பரியும் இறங்கியது. இந்தப் பக்கம் முட்டையைவிட பிரியாணிக்குத்தான் மவுசு. 40 நாள் கறி சாப்பிடாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

தேதியை நிலைநிறுத்தினால் என்ன?

முதல் கேள்விக்கு வருவோம். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குத் தேதி நிலையாக இருந்தால் வசதிதான். ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு என்பதால் அதற்கென்று தனி விடுமுறை கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் அரசு விடுமுறை. ஓசூரில் இருந்து நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ போய், சனி இரவுத் திருப்பலியையும் பார்த்துவிட்டு, திங்கள் காலை ஷிப்டுக்குத் திரும்பி வர வேண்டும். நடுவில் சனிக்கிழமை வேலை நாளாக இருந்தால் அதுவும் முடியாது.

முயற்சி நடக்காமல் இல்லை. 1928-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. ஏப்ரல் இரண்டாவது சனிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்றது. சபைகள் ஒத்துக்கொள்ளாததால் அந்தச் சட்டம் இன்று வரை அமலுக்கு வரவில்லை. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், மற்ற கிறிஸ்தவர்கள் சம்மதித்தால் ஒரு நிலையான ஞாயிறை ஏற்பதில் தடையில்லை என்றது. 1997-ல் சிரியாவின் அலெப்போ நகரத்தில் கூடிய சபைகள் வேறு யோசனை சொன்னன. நிலவை விட வேண்டாம், பழைய அட்டவணைகளை விட்டுவிட்டு ஜெருசலேம் வானத்தைத் துல்லியமாகக் கணக்கிடுவோம் என்றன. இரண்டும் நடக்கவில்லை.

வசதி ஒரு பக்கம் இருக்கட்டும். நிலவை விட்டுவிட்டால் ஈஸ்டருக்கும் அது பிறந்த வீட்டுக்கும் இருக்கும் உறவு அறுந்துவிடும். பெசாக் பண்டிகை நினைவுக்கு வராது. பங்குனிப் பௌர்ணமியும் ஈஸ்டர் பௌர்ணமியும் ஒன்று என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி ஆச்சரியப்பட முடியாது. ஷிப்ட், டார்கெட், குளோசிங் என்று எல்லாமே ஆபீஸ் காலண்டர்படி ஓடும் ஒரு ஊரில், அதற்குள் அடங்காமல் வானத்தைப் பார்த்து வரும் சில நாட்களும் இருக்கட்டுமே. இடைஞ்சல் தேதியால் அல்ல, ஒரு நாள் லீவு கிடைக்காததால். அதைத் தீர்க்க நிலவை மாற்ற வேண்டியதில்லை.

2024 மார்ச் 30 சனிக்கிழமை இரவு, கோயில்களில் ஏற்றிய பாஸ்கா திரிகளின் மேல் 2024 என்று எழுதியிருந்தது. மறுநாள் கணக்குப் புத்தகங்களை முடித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் போட்ட தேதியிலும் அதே 2024. டயோனிசியஸ் ஈஸ்டர் அட்டவணை போடத் தொடங்கிய கணக்கில் இருந்து வந்த எண்தான் இரண்டிலும் இருந்தது.